டிஸ்ப்ளே டிரைவர் கால்பேக்குக்கு டாக் எழுதும்போது எங்கெங்க இடிக்கும்: அறிகுறிய வெச்சு சரிபண்ற வழி

லினக்ஸ் கெர்னல்ல டிஆர்எம் (திரையைக் கவனிச்சுக்குற பகுதி) பக்கம் எட்டிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், சிஆர்டிசிக்கு (படத்தைத் திரைக்கு ஓட்டுற பகுதி) ஒரு டேபிள், பிளேனுக்கு (ஒரு பட அடுக்கு) ஒண்ணு, என்கோடருக்கு (சிக்னலை மாத்துறது) ஒண்ணு, கனெக்டருக்கு (திரை மாட்டுற இடம்) ஒண்ணு, அதுலயும் கோர் (டிஆர்எம்மோட மையக் கோடு) டேபிள் தனி ஹெல்ப்பர் (டிரைவருங்களுக்கான பொது உதவிக் கோடு) டேபிள் தனி, ஒவ்வொண்ணுக்குள்ளயும் வரிசையா ஃபங்ஷன் பாயின்டர் (டிரைவர் எழுதிக் குடுக்கும், கெர்னல் கூப்பிட்டுக்கும், இதைத்தான் கால்பேக், ஹூக்னு சொல்றது), எதை நிரப்பணும் எதை காலியா விடலாம்னு புரியாம கடைசில பக்கத்து டிரைவரைப் பார்த்து காப்பி அடிச்சிட்டு, திரையில படம் வந்துச்சுல்ல போதும்னு விட்டுடுவோம். அந்த டேபிளுக்கு டாக் (விளக்கக் குறிப்பு) எழுதுற வேலை நம்ம தலையில விழுறப்பதான் இத்தனை நாள் எவ்ளோ கண்ணை மூடிக்கிட்டு ஓட்டியிருக்கோம்னு தெரியும்.

நான் இங்க எழுதப்போறது அந்த வேலையில வர்ற சிக்கல்களை. என்ன மெசேஜ் வருது, இல்ல என்ன கோளாறு தெரியுது, அதை வெச்சு எங்க தேடணும்னு சொல்றேன். பேரெல்லாம் தமிழ் எழுத்துலயே அடிச்சிருக்கேன், டெர்மினல்ல அடிக்கும்போது மாத்திக்கோங்க.

கொஞ்சம் பழைய கதை, இது தெரிஞ்சாதான் மத்தது புரியும். 2015 வரைக்கும் இந்த ஹூக் விளக்கமெல்லாம் டாக்புக் (அப்போ இருந்த ஆவண முறை) ஃபோல்டர்ல ஒரு பெரிய டெம்ப்ளேட் ஃபைல்ல கெடந்தது. கோடு ஒரு பக்கம், விளக்கம் வேற பக்கம், கோடை மாத்துறவன் அந்த ஃபைலைத் திறந்தே பார்க்கமாட்டான். 2015 கடைசில டிஆர்எம் டெவலப்பர் டேனியல் வெட்டர் அதையெல்லாம் பிரிச்சு ஹெடர்ல அந்தந்த மெம்பருக்கு மேலயே கொண்டுவந்து வெச்சார். டிஆர்எம்_மோட்செட்_ஹெல்ப்பர்_விடேபிள்ஸ்.ஹெச்-னு இருக்கே, அந்த ஃபைல் அப்படி வந்ததுதான். 2016ல 4.8 கெர்னல்ல டாக்புக்குக்கு பதிலா ஸ்ஃபிங்க்ஸ் வந்துச்சு. கமென்ட்டைப் படிச்சு எடுத்துக் கொடுக்குற கெர்னல்-டாக் ஸ்கிரிப்ட் ரொம்ப காலம் பெர்ல்ல இருந்தது, 2025ல பைதான்ல மாத்தி எழுதிட்டாங்க.

ஆக மொத்தம் ரெண்டு ஆள் வேலை செய்றாங்க. கெர்னல்-டாக் கமென்ட்டை எடுக்குது, ஸ்ஃபிங்க்ஸ் அதை பக்கமா ஆக்குது. வார்னிங் வந்தா யார் கத்துறாங்கன்னு மொதல்ல பாருங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும். முழு டாக் பில்டை ஓட்டிட்டு உக்கார வேணாம், டீ குடிச்சிட்டு வந்தாலும் முடியாது. ஹெடரை மட்டும் பார்க்கணும்னா கெர்னல் மரத்தோடயே வர்ற கெர்னல்-டாக்கை "-நன்" ஆப்ஷனோட அந்த ஒரு ஃபைல் மேல ஓட்டுங்க, பக்கம் எதுவும் தயாரிக்காம வார்னிங்கை மட்டும் கொட்டும். பக்கமா பார்க்கணும்னா "மேக் ஸ்ஃபிங்க்ஸ்டிர்ஸ்=ஜிபியு ஹெச்டிஎம்எல்டாக்ஸ்". இப்படி ஒரு ஃபோல்டரை மட்டும் கட்டும்போது வெளிய இருக்குற டாக்குமென்ட்டுக்குப் போற லிங்க் கிடைக்கலன்னு சில வார்னிங் வரும், அது உங்க தப்பு இல்ல, துரத்திக்கிட்டு போகாதீங்க.

எழுதித்தான் வெச்சிருக்கேன், ஆனா "நாட் டிஸ்கிரைப்டு"ன்னு கத்துது

கமென்ட்டோட ஆரம்பத்தைப் பாருங்க. ஒத்தை நட்சத்திரமா, ரெட்டை நட்சத்திரமா? /* போட்டா அது சாதாரண கமென்ட், கெர்னல்-டாக் கண்டுக்கவே கண்டுக்காது. /** இருக்கணும். பத்துல ஆறு தடவை இதுதான் காரணம், எனக்கும் இன்னும் நடக்குது.

அது சரியா இருந்தா அடுத்தது பேர். @அட்டாமிக்_செக்: அப்படின்னு பேருக்கு அப்புறம் முக்காற்புள்ளி இருக்கணும், அந்த பேரும் கீழ இருக்குற ஃபங்ஷன் பாயின்டர் பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். காப்பி பேஸ்ட் பண்ணி "டிசேபிள்"ங்கிற இடத்துல "எனேபிள்"னே விட்டிருப்பீங்க, அப்போ ஒண்ணுக்கு ரெண்டு விளக்கம் இருக்கும், இன்னொண்ணுக்கு ஒண்ணுமே இருக்காது.

இன்னொரு வகை இருக்கு. மெம்பருக்கு மெம்பர் அழகா எழுதிட்டு ஸ்ட்ரக்ட்டுக்கு மேல "ஸ்ட்ரக்ட் இன்னது - இதுக்காக"ன்னு வர்ற தலைப்பு கமென்ட்டை எழுதாம விட்டுடுறது. அந்தத் தலைப்பு இல்லன்னா கெர்னல்-டாக்குக்கு நாம ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள்ள இருக்கோம்னே தெரியாது, உள்ள இருக்குற ஒவ்வொரு /** கமென்ட்டும் அனாதையா தெரியும். பழைய ஸ்கிரிப்ட்ல இதுக்கு ஒரு மெசேஜ் வரும், "இது டாக் வரின்னு நெனச்சேனே"ங்கிற மாதிரி பாவமா. அந்த வரியைத் திருத்தாதீங்க, மேல போய் ஸ்ட்ரக்ட்டுக்குத் தலைப்பு போடுங்க.

"எக்ஸெஸ் ஸ்ட்ரக்ட் மெம்பர்"னு வருது

இல்லாத மெம்பருக்கு விளக்கம் இருக்குன்னு அர்த்தம். ஹூக்கைத் தூக்கியிருப்பாங்க இல்ல பேரை மாத்தியிருப்பாங்க, கமென்ட் மட்டும் நிக்கும். ஸ்ட்ரக்ட் விஷயத்துல இந்த எச்சரிக்கை இடையில சில வருஷம் வேலையே செய்யல, 2023 டிசம்பர்லதான் திரும்பக் கொண்டுவந்தாங்க. அதனால கொஞ்சம் பழைய கெர்னல்ல வேலை பண்றவங்க வார்னிங் வரலங்கிறதை வெச்சு சுத்தமா இருக்குன்னு நெனச்சுக்க வேணாம்.

வார்னிங்கே இல்ல, ஆனா பக்கத்துல என் ஸ்ட்ரக்ட் வரல

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்ல. ஹெடர்ல என்ன எழுதினாலும் டாக்குமென்டேஷன் ஃபோல்டர்ல இருக்குற ஆர்எஸ்டி ஃபைல் (ஸ்ஃபிங்க்ஸ் படிக்கிற பக்கம்) அந்த ஹெடரை இழுக்கலன்னா பக்கத்துல வராது. ஜிபியு ஃபோல்டர்ல டிஆர்எம்-கேஎம்எஸ்-ஹெல்ப்பர்ஸ்.ஆர்எஸ்டியைத் திறந்து பாருங்க, ஒவ்வொரு பகுதிக்கும் ".. கெர்னல்-டாக்::" போட்டு ஃபைல் பேரும் அதுக்குக் கீழ ஆப்ஷனும் இருக்கும்.

இங்க எல்லாரும் விழுற குழி ":எக்ஸ்போர்ட்:". அது எக்ஸ்போர்ட்_சிம்பல் போட்டு வெளிய விட்ட ஃபங்ஷனை மட்டும்தான் எடுக்கும். கால்பேக் டேபிள்ங்கிறது ஹெடர்ல இருக்குற ஸ்ட்ரக்ட், அதை யாரும் எக்ஸ்போர்ட் பண்றதில்ல, அதனால .சி ஃபைலுக்கு ":எக்ஸ்போர்ட்:" போட்ட வரி ஒண்ணு மட்டும் இருந்தா உங்க டேபிள் வரவே வராது. ஹெடருக்குன்னு தனியா ஒரு வரி போட்டு ":இன்டர்னல்:" குடுக்கணும். பேரைப் பார்த்து "உள் விஷயம், வெளிய காட்டக்கூடாது"ன்னு நெனச்சுக்காதீங்க, எக்ஸ்போர்ட் ஆகாத மிச்சம் எல்லாம்னு அர்த்தம், அவ்ளோதான். ஒரே ஒரு ஸ்ட்ரக்ட் மட்டும் வேணும்னா ":ஐடென்டிஃபையர்ஸ்:" போட்டு பேரைக் குடுங்க. ஓவர்வியூ மாதிரி பொதுவான பத்தி வேணும்னா ":டாக்: ஓவர்வியூ".

ரெண்டு ஆர்எஸ்டி ஃபைல் ஒரே ஹெடரை இழுத்தா "டூப்ளிகேட் சி டிக்ளரேஷன்"னு வரும், ஒண்ணை எடுத்துடுங்க.

பக்கம் வருது, ஆனா கன்றாவியா இருக்கு

ரிட்டர்ன் மதிப்பு எழுதுறப்ப 0ன்னா வெற்றி, அடுத்த வரில -ஈஇன்வேல்னா (தப்பான மதிப்பு) இது, அதுக்கடுத்த வரில -ஈநோமெம்னா (மெமரி கிடைக்கல) அதுன்னு ஆளுக்கொரு வரியா அழகா எழுதியிருப்பீங்க, பக்கத்துல பார்த்தா மூணும் ஒரே வரியா ஒட்டிக்கிட்டு நிக்கும். வரியை முறிச்சா அது கணக்குல வராது. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு நட்சத்திரமோ (*) சின்னக் கோடோ (-) போட்டு பட்டியலாக்குங்க, பட்டியலுக்கு முன்னாடி ஒரு வெத்து வரி விடுங்க. அந்த வெத்து வரி இல்லன்னாதான் "அன்எக்ஸ்பெக்டட் இன்டென்டேஷன்" வரும்.

"இன்லைன் எம்ஃபசிஸ் ஸ்டார்ட்-ஸ்ட்ரிங்"னு வந்தா எங்கயோ பாயின்டர் நட்சத்திரத்தை அப்படியே எழுத்துக்கு நடுவுல விட்டிருக்கீங்க. ரெண்டு பேக்டிக்குக்குள்ள வைங்க. கோடு துண்டு போடணும்னா முன்னாடி பத்தியை ரெண்டு முக்காற்புள்ளில முடிச்சு, வெத்து வரி விட்டு, உள்ள தள்ளி எழுதுங்க.

பேர் தெரியுது, க்ளிக் ஆக மாட்டேங்குது

@ போட்டா அது வெறும் அலங்காரம், தடிச்ச எழுத்துல வரும், எங்கயும் போகாது. அந்த ஸ்ட்ரக்ட்டுக்குள்ளயே இன்னொரு மெம்பரைச் சொல்ல அது போதும். வேற டேபிள்ல இருக்குற ஹூக்கைச் சொல்லணும்னா & போட்டு டேபிள் பேர், புள்ளி, மெம்பர் பேர். ஃபங்ஷன்னா பேருக்குப் பின்னாடி வெறும் அடைப்புக்குறி () போட்டா போதும், தானா லிங்க் ஆகும், ஆனா அந்த ஃபங்ஷனுக்கும் எங்கயாவது கெர்னல்-டாக் இருக்கணும், அது பக்கத்துலயும் வந்திருக்கணும். ஒரே பேர்ல கோர் டேபிள்ல ஒரு ஹூக், ஹெல்ப்பர் டேபிள்ல ஒரு ஹூக்னு இருக்குற இடத்துல வெறும் பேரை எழுதிட்டு போனீங்கன்னா படிக்கிறவன் எதைன்னு எடுத்துப்பான்? டேபிள் பேரோட எழுதுங்க.

எல்லாம் பச்சை, ஆனா டாக் சொல்றதும் கோடு செய்றதும் வேற வேற

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுறது, மேல சொன்னதெல்லாம் அரை மணி நேர வேலை.

ஃபங்ஷனுக்கு டாக் எழுதினா கெர்னல்-டாக் ஒவ்வொரு ஆர்க்யூமென்ட்டையும் பேர் சொல்லி சரிபார்க்கும். ஸ்ட்ரக்ட்டுக்குள்ள இருக்குற ஃபங்ஷன் பாயின்டருக்கு அப்படி இல்ல. அதுக்கு அது ஒரு மெம்பர், பேர் இருக்கா விளக்கம் இருக்கா, இருக்கு, முடிஞ்சது. அந்த பாயின்டர் ரெண்டு ஆர்க்யூமென்ட் வாங்குதா மூணு வாங்குதா, விளக்கத்துல பழைய ஆர்க்யூமென்ட்டைப் பத்தி பேசுறீங்களான்னு அதுக்கு அக்கறையே இல்ல. அதனால கால்பேக் டாக் பழசாகிப்போனா எந்தக் கருவியும் உங்களுக்கு சொல்லாது.

நடந்த கதையே இருக்கு. சிஆர்டிசி ஹெல்ப்பரோட அட்டாமிக் செக், பிகின், ஃப்ளஷ், எனேபிள், டிசேபிள் எல்லாம் முன்னாடி சிஆர்டிசி ஸ்டேட்டைத்தான் (அதோட அமைப்பு விவரத்தை) வாங்கிட்டு இருந்துச்சு, அதுலயும் சிலதுக்கு புது ஸ்டேட் வரும் சிலதுக்கு பழைய ஸ்டேட் வரும், எதுக்கு எதுன்னு ஒவ்வொரு தடவையும் போய் பார்க்கணும். 2020ல அதையெல்லாம் மொத்த டிஆர்எம்_அட்டாமிக்_ஸ்டேட்டை வாங்குற மாதிரி மாத்தினாங்க, 2021ல பிளேனுக்கும் அதே. இப்போ பழைய ஸ்டேட் வேணும்னா "கெட்_ஓல்டு", புது ஸ்டேட் வேணும்னா "கெட்_நியூ"ன்னு வர்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு எடுத்துக்கணும். கெர்னல் மரத்துக்கு வெளிய டிரைவர் வெச்சிருக்கிறவங்களுக்கு கம்பைலர் உடனே சொல்லிடும், டைப் பொருந்தலன்னு. ஆனா அதுங்களோட கமென்ட்டுல "வர்ற ஸ்டேட் பழைய ஸ்டேட்"னு ஒரு வரி இருந்தா அது அப்படியே நிக்கும், கம்பைலரும் பேசாது, கெர்னல்-டாக்கும் பேசாது.

அறிகுறி எப்படி தெரியும்னா, டாக்கைப் படிச்சு எழுதின புதுப் பையன் வெச்ச கேள்வில தெரியும். "அண்ணே, டாக்ல பழைய ஸ்டேட் வரும்னு போட்டிருக்கு, எனக்கு வேற ஏதோ வருதே"ன்னு கேட்பான். நம்ம சொந்த டாக்கை நாமளே கடைசியா எப்போ படிச்சோம்னு அப்பதான் யோசனை வரும்.

கண்டுபிடிக்க ஒரே வழி, ஹூக்கோட டிக்ளரேஷன் வரிக்கு கிட் பிளேம் (எந்த வரி எப்போ மாறுச்சுன்னு காட்டும்) போடுங்க, அதுக்கு மேல இருக்குற கமென்ட்டுக்கும் போடுங்க. டிக்ளரேஷன் 2020, கமென்ட் 2015ன்னு வந்தா அந்த கமென்ட்டை வரி வரியா படிங்க. அப்படியே அந்த ஹூக்கைக் கூப்பிடுற இடத்தையும் பாருங்க, அம்புக்குறியோட "->அட்டாமிக்_செக்"னு கிரெப் போட்டா ஹெல்ப்பர் கோடுல நாலைஞ்சு இடம்தான் வரும்.

டாக்கைப் படிச்சு எழுதின டிரைவர் ஓடும்போது விழுது

ஏட்டுச்சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்றது இந்த மாதிரி டாக்குக்குத்தான் பொருந்தும். "@எனேபிள்_விபிளாங்க்: விபிளாங்க்கை எனேபிள் பண்ணும்" (விபிளாங்க்னா ஒரு ஃப்ரேம் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற இடைவெளி). சரிப்பா, பேர்லயே தெரியுதே. இதை எழுதினா வார்னிங் போயிடும், பேட்சும் போயிடும், படிச்சவனுக்கு ஒண்ணும் கிடைக்காது. கால்பேக்குக்கு டாக்னா யார் கூப்பிடுறாங்க, எப்போ, எந்த லாக்கைப் பிடிச்சுக்கிட்டு, தூங்கலாமா (சிபியுவை விட்டுட்டு காத்திருக்கலாமா) கூடாதா, காலியா விட்டா என்ன ஆகும், என்ன எர்ரர் திருப்பலாம், இதெல்லாம் இருக்கணும். இது இல்லாதப்ப என்னென்ன கோளாறு வரும்னு பாருங்க.

"ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்டு ஃப்ரம் இன்வேலிட் கான்டெக்ஸ்ட்"னு டிமெசேஜ்ல (கெர்னல் லாக்) வந்து, ஸ்டாக்ல எனேபிள்_விபிளாங்க் தெரிஞ்சா: கோர் அந்த ஹூக்கை ஸ்பின்லாக் பிடிச்சுக்கிட்டு இன்டரப்ட்டை அடைச்சு வெச்சுட்டுத்தான் கூப்பிடுது. அங்க போய் ஐ2சி-ல பேசுறது, மியூடெக்ஸ் பிடிக்கிறது, எம்ஸ்லீப் போடுறது எல்லாம் செல்லாது. எஸ்பிஐ-ல மாட்டுற சின்ன பேனலுக்கு டிரைவர் எழுதுறவங்க இதுல கண்டிப்பா மாட்டுவாங்க, அவங்களுக்கு ஒரு ரெஜிஸ்டர் எழுதணும்னாலே தூங்கணும்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. அட்டாமிக்_எனேபிள் உள்ள யாராவது எம்டிலே போட்டு சிபியுவை சும்மா சுத்தவிட்டு, மெமரி கேக்குறப்ப ஜிஎஃப்பி_அட்டாமிக் போட்டிருந்தா, அவங்க "அட்டாமிக்"ங்கிற வார்த்தையை தப்பா படிச்சிருக்காங்க. கெர்னல்ல மத்த இடத்துல அட்டாமிக்னா தூங்கக்கூடாத இடம். டிஸ்ப்ளேல அட்டாமிக்னா எல்லா மாத்தமும் ஒட்டுமொத்தமா நடக்கணும் இல்லன்னா எதுவும் நடக்கக்கூடாதுன்னு அர்த்தம், டேட்டாபேஸ்காரங்க சொல்ற மாதிரி. இந்த கமிட் ஹூக்கெல்லாம் சாதாரண பிராசஸ் கான்டெக்ஸ்ட்ல, இல்ல ஒர்க்கியூல ஓடுது, தாராளமா தூங்கலாம். ஒரே வார்த்தைக்கு ஒரே கெர்னல்ல ரெண்டு அர்த்தம், இதை பேர் வெச்சவங்களைச் சொல்லணும், ஆனா இப்போ மாத்த முடியாது, அதனால நாமதான் டாக்ல "தூங்கலாம்"னு ஒரு வரி எழுதணும். இந்த ஒரு வரிக்கு எத்தனை டிரைவர் பிழைச்சுக்கும்.

மவுஸ் நகர்த்தினா, விண்டோ திறந்தா திரை சும்மா சும்மா மினுக்குது, ஆனா மோட் (ரெசல்யூஷன், ரெஃப்ரெஷ் ரேட்) எதுவும் மாறலன்னா: யாரோ செக் ஹூக்குக்குள்ள ஹார்ட்வேர் ரெஜிஸ்டரைத் தொட்டிருக்காங்க. வேலண்ட் காம்பசிட்டருங்க (விண்டோக்களைச் சேர்த்து திரைக்கு அனுப்புற புரோகிராம்) "டெஸ்ட்_ஒன்லி" கொடி போட்டு இந்த பிளேன் அமைப்பு நடக்குமா, அது நடக்குமான்னு கேட்டுக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் செக் ஓடும், கமிட் வராது. வந்த ஸ்டேட் ஆப்ஜெக்ட்டைத் தவிர வேற எதையும் மாத்தக்கூடாதுன்னு ஹெடர்ல ஒவ்வொரு செக் ஹூக்குக்கும் கீழ திரும்பத் திரும்ப எழுதியிருக்கும், படிக்க சலிப்பாத்தான் இருக்கும், ஆனா யாரும் முதல் ஹூக்ல இருந்து கடைசி ஹூக் வரைக்கும் படிக்கிறதில்லயே, நேரா தனக்கு வேணும்கிற ஹூக்குக்குத்தான் வர்றாங்க. நீங்க புது செக் ஹூக் சேர்த்தாலும் அந்தக் குறிப்பை மறுபடி எழுதுங்க, "மேல பார்க்க"ன்னு விடாதீங்க.

எப்பவாவது ஒரு தடவை மோட்செட் தோத்துப்போகுது, திரும்ப செஞ்சா சரியாகுதுன்னா: -ஈடெட்லாக்கை யாரோ முழுங்கியிருக்காங்க. செக் ஹூக் உள்ள வேற ஒரு ஆப்ஜெக்ட்டோட ஸ்டேட்டைக் கேட்கும்போது அதோட மோட்செட் லாக்கைப் பிடிக்கணும், வேற த்ரெட்டோட முட்டிக்கிட்டா -ஈடெட்லாக் வரும், அதை அப்படியே மேல அனுப்பினா கோர் எல்லா லாக்கையும் விட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கும். "ஏதோ தப்பு"ன்னு அதை -ஈஇன்வேலா மாத்தி அனுப்பினா காம்பசிட்டர் இந்த அமைப்பு நடக்காதுன்னு நம்பிடும். ரிட்டர்ன்ஸ் பகுதியில -ஈடெட்லாக்கை எழுதாம விட்டா இதுதான் நடக்கும். சோதிச்சுப் பார்க்கணும்னா கெர்னல் கான்ஃபிக்ல டபிள்யூடபிள்யூ மியூடெக்ஸ் ஸ்லோபாத் டீபக்கை ஆன் பண்ணுங்க, சண்டையே இல்லாதப்பவும் வேணும்னே அந்த எர்ரரைக் குடுத்துக்கிட்டே இருக்கும், முழுங்குறவன் உடனே மாட்டுவான்.

ஜிபி கணக்குல ரேம் சும்மா இருக்கு, ஆனா கமிட் -ஈநோமெம்னு திரும்புதுன்னா: இது எனக்கு ஒரு முழு சாயங்காலத்தைத் தின்ன கோளாறு. ரீசெட் ஹூக்கை நிரப்பல. ரீசெட்தான் முதல் ஸ்டேட்டையே உண்டாக்குது, அது இல்லன்னா சிஆர்டிசியோட ஸ்டேட் பாயின்டர் வெறுமையா இருக்கு, டூப்ளிகேட் பண்ற ஹெல்ப்பர் ஒரு வார்ன் அடிச்சிட்டு வெறும் பாயின்டரைத் திருப்புது, மேல இருக்கிறவன் அதை "மெமரி கிடைக்கல"ன்னு எடுத்துக்குறான். நான் அந்த வார்னைக் கவனிக்காம மெமரி பக்கம் போய் நோண்டிக்கிட்டு இருந்தேன். ஹூக்கை விட்டா என்ன ஆகும்ங்கிறது டாக்ல இருக்கணும்னு நான் அடம்பிடிக்கிறது அந்த சாயங்காலத்தாலதான். "ஆப்ஷனல்"னு எழுதினா மட்டும் போதாது, இல்லன்னா ஹெல்ப்பர் என்ன செய்யும், கோர் ஹெல்ப்பரை நம்புதா இல்ல நேரா பாயின்டரைக் கூப்பிட்டு விழுமான்னு எழுதணும்.

என்கோடர்ல மோட்_ஃபிக்ஸ்அப் எழுதியிருக்கேன், கூப்பிடவே மாட்டேங்குதுன்னா: அதே டேபிள்ல அட்டாமிக்_செக்கும் வெச்சிருக்கீங்களா? என்கோடருக்கு அது இருந்தா இது ஓடாது, ரெண்டுல ஒண்ணுதான். சிஆர்டிசிக்கு அப்படி இல்ல. இந்த வித்தியாசத்தை ஊகிக்க முடியாது, எழுதித்தான் ஆகணும்.

மானிட்டரைப் பொறுத்து மோட் பட்டியல் வந்து வந்து போகுது, ரெண்டாவது திரை மாட்டினா முதல் திரைக்கு மோட் காணாம போகுதுன்னா, மோட்_வேலிட் உள்ள இப்போதைய அமைப்பைப் பார்த்து முடிவு பண்ணியிருக்காங்க. சிஆர்டிசி, என்கோடர் டேபிள்ல இருக்குற அந்த ஹூக் பட்டியல் எடுக்கும்போதும் ஓடும், செக் நேரத்துலயும் ஓடும், அதனால குடுத்த மோடையும் எப்பவும் மாறாத ஹார்ட்வேர் எல்லையையும் தவிர வேற எதையும் பார்க்கக்கூடாது. மத்ததெல்லாம் அட்டாமிக்_செக்ல.

திரை அணைஞ்சிருக்கும்போது பிளேன் அப்டேட் வந்து மெஷின் அப்படியே உறைஞ்சுபோனா, கரன்ட் இல்லாத பிளாக்குல ரெஜிஸ்டர் எழுதுறீங்க. சாதாரண கமிட்_டெயில் ஹெல்ப்பர் டிசேபிள், அப்புறம் பிளேன், அப்புறம் எனேபிள்ங்கிற வரிசையில போகும். ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் வெச்சிருக்கிற டிரைவருக்குன்னே ஆர்பிஎம்னு முடியுற இன்னொண்ணு இருக்கு, அது எனேபிள் பண்ணிட்டுத்தான் பிளேனைத் தொடும், அணைஞ்சு கிடக்குற சிஆர்டிசியோட பிளேனைத் தொடவே தொடாது. ஹூக் டாக்ல வரிசையைச் சொல்லும்போது எந்த டெயிலை வெச்சு சொல்றோம்னும் சொல்லணும்.

சரி, யார் எப்போ கூப்பிடுறாங்கன்னு எனக்கே தெரியலயே

தெரியாதப்ப ஊகிச்சு எழுதாதீங்க, தப்பான டாக் இருக்கிறதுக்கு டாக் இல்லாமலே இருக்கலாம், அட்லீஸ்ட் அவன் கோடைப் படிப்பான். ஹார்ட்வேர் தேவையில்ல. விகேஎம்எஸ்னு ஒரு டிரைவர் 2018ல 4.19 கெர்னல்ல இருந்து இருக்கு, திரையே இல்லாத டிஸ்ப்ளே டிரைவர், க்யூஎம்யூல (மெஷினையே சாஃப்ட்வேர்ல ஓட்டுறது) ஓட்டலாம். அதுல நீங்க எழுதப்போற ஹூக்குக்குள்ள டம்ப்_ஸ்டாக்() ஒண்ணு போட்டு, ஐஜிடி (டிஆர்எம்முக்கான டெஸ்ட் தொகுப்பு) டெஸ்ட்டுல கேஎம்எஸ்னு ஆரம்பிக்கிறதை ரெண்டு மூணு ஓட்டுங்க. எத்தனை வழியா அந்த ஹூக்குக்கு ஆள் வர்றாங்கன்னு வரிசையா தெரியும், நீங்க நெனச்சதுக்கு மேல ஒரு வழியாவது இருக்கும்.

தூங்கலாம்னு எழுதப்போறீங்கன்னா ஹூக் ஆரம்பத்துல மைட்_ஸ்லீப்() போட்டு ஓட்டிப் பாருங்க. லாக் பிடிச்சிருக்கும்னு எழுதப்போறீங்கன்னா லாக்டெப்_அசெர்ட்_ஹெல்டு போட்டுப் பாருங்க. கத்தலன்னா எழுதுங்க. இன்னும் நல்லது, ஹெல்ப்பர்ல கூப்பிடுற இடத்துலயே அதை நிரந்தரமா வெச்சு பேட்ச் அனுப்புறது, டாக் பழசானாலும் அது பழசாகாது.

ரிவ்யூல திருப்பி அனுப்பிட்டாங்க

எனக்கு முதல் தடவை வந்த பதில் ஒரே கேள்விதான், "இதை டிரைவர் எழுதுறவன் படிச்சா என்ன தெரிஞ்சுப்பான்?" கோபமா வந்துச்சு, அப்புறம் என் வரியைப் படிச்சா ஹூக் பேரையே வாக்கியமா எழுதி வெச்சிருக்கேன். திருத்தி எழுதினது ஏறக்குறைய இந்த மாதிரி இருந்தது, நீங்க ஆங்கிலத்துலதான் எழுதணும், அமைப்பை மட்டும் பாருங்க:

/**
 * @ஹூக்_பேர்:
 *
 * இன்ன ஹெல்ப்பர் இன்ன நேரத்துல கூப்பிடும். இது ஓடும்போது
 * இன்னது ஏற்கனவே நடந்திருக்கும், இன்னது இன்னும் நடந்திருக்காது.
 *
 * தூங்கலாம். இன்ன லாக் பிடிச்சிருக்கும்.
 *
 * கட்டாயமில்ல. நிரப்பலன்னா ஹெல்ப்பர் இதைத் தாண்டிப் போயிடும்.
 *
 * ரிட்டர்ன்ஸ்:
 *
 * 0 வெற்றி, இன்ன காரணத்துக்கு -ஈஇன்வேல், லாக் முட்டினா -ஈடெட்லாக்.
 */

கமிட் பக்கத்து ஹூக்குன்னா ரிட்டர்ன்ஸ் பகுதியே வேணாம், அதெல்லாம் ஒண்ணும் திருப்பாது, தோக்குறதுன்னா செக்லயே தோத்திருக்கணும்.

அனுப்புறதுக்கு முன்னாடி பேட்ச் போடாத மரத்துல ஒரு தடவை, போட்ட மரத்துல ஒரு தடவை கெர்னல்-டாக்கை ஓட்டி ரெண்டு வார்னிங் ஃபைலையும் டிஃப் எடுத்துப் பாருங்க, புதுசா ஒரு வரிகூட வரக்கூடாது. "மேக் டபிள்யூ=1" போட்டேன் சுத்தமா இருந்துச்சுன்னு மட்டும் நம்பிடாதீங்க, அது கம்பைல் ஆகுற .சி ஃபைலைத்தான் பார்க்கும், உங்க டேபிள் இருக்கிறதோ ஹெடர்ல, அதைக் கையால தனியா ஓட்டணும். அப்புறம் ஹெச்டிஎம்எல் பக்கத்தை பிரவுசர்ல திறந்து நீங்க சேர்த்த ஒவ்வொரு லிங்க்கையும் ஒரு தடவை க்ளிக் பண்ணிட்டு அனுப்புங்க.